மண்ணுக்கும் பசிக்கும்: விழுந்த இலையெல்லாம் எங்கே போகிறது?

செம்பனைத் தோட்டத்திலோ பழைய பால்மரக் காட்டிலோ நடந்தவர்களுக்குத் தெரியும், ஆண்டு முழுவதும் மேலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். இலை, மட்டை, சுள்ளி, பூ, காய் என்று எத்தனையோ ஆண்டுகளாக விழுந்திருக்கிறது. ஆனால் அதே இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் பாருங்கள். மேலே இரண்டு, மூன்று விரல் அளவுக்குத்தான் மண் கறுத்திருக்கும். அதற்குக் கீழே செங்கல் நிறம் அல்லது வெளிறிய மஞ்சள். அவ்வளவு இலையும் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான், மண்வளத்தைக் காக்க இயற்கையான கரிமப் பொருள்களை இடுங்கள் என்று வேளாண் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் விளங்கும். கரிமம் என்பது வேறொன்றுமில்லை, கார்பன்தான். மூன்றே மாதத்தில் மண்ணை மாற்றிக் காட்டுவதாகப் பையில் அச்சடித்து விற்கும் பொருள்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடலாம். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். இன்று கொஞ்சம் பெருக்கலும் வகுத்தலும் உண்டு.

இலை மூச்சாகிறது

ஒரு செடியை நன்றாகக் காயவைத்து எடை போட்டால், அந்த எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கரிமம். அது மண்ணிலிருந்து வந்ததன்று. காற்றிலுள்ள கரிவளியை இலை உள்ளிழுத்து, ஒளிச்சேர்க்கையின் மூலம் சர்க்கரையாக்கி, பிறகு நாராகவும் மரமாகவும் மாற்றி வைத்த கரிமம் அது.

இலை தரையில் விழுந்ததும் கறையான், மரவட்டை, மண்புழு போன்றவை அதைக் கடித்துத் துண்டாக்குகின்றன. துண்டுகளைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உண்கின்றன. உண்ணும் உயிர் எதுவானாலும் அதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு நாம் என்ன செய்கிறோமோ அதையேதான் அவையும் செய்கின்றன, சுவாசிக்கின்றன. தாம் உண்ட கரிமத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கரிவளியாக வெளியே விட்டுவிட்டு, மீதி ஒரு பங்கைத்தான் தம் உடலாகச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிர் செத்ததும் அதன் உடலை இன்னொரு நுண்ணுயிர் உண்ணும். மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்குப் போகும். இப்படி நான்கைந்து கை மாறுவதற்குள் இலையின் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. ஆக, இலை கீழே போகவில்லை. வந்த வழியே மேலே போய்விட்டது.

இந்த வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பவை வெப்பமும் ஈரமும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மட்கும் வேகம் சுமாராக இரு மடங்காகும் என்பது பொது விதி. லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் உலகின் மிகப் பழமையான வேளாண் ஆய்வு வயல்கள் இருக்கின்றன. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை. நமக்கு 27. இடைவெளி 17 பாகை. விதிப்படி நம் மண்ணில் மட்கும் வேலை அங்குள்ளதைவிட மூன்று மடங்குக்கும் அதிக வேகத்தில் நடக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய விடுமுறை. இங்கே அவற்றுக்கு மழைக்காலம், வெயில்காலம் எல்லாமே வேலை நாள்தான்.

ரோதம்ஸ்டெட்டில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள வாற்கோதுமை வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் தொழுவுரம் இட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அளந்தபோதும், உரமே காணாத பக்கத்துப் பகுதியைவிட அந்த மண்ணில் கரிமம் கூடுதலாகத்தான் இருந்தது. குளிர்நாட்டு மண் அவ்வளவு மெதுவாகச் செலவழிக்கிறது. நம் மண்ணிடம் அந்தச் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்த அளவுகளை நம் தோட்டத்துக்கு அப்படியே கொண்டுவரக்கூடாது என்பது இதனால்தான்.

செம்மண்ணில் என்ன குறை?

தீபகற்ப மலேசியாவின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி மிகப் பழைய மண். ரெங்கம் வகை, செர்டாங் வகை என்று ஊர்ப்பெயரிலேயே மண்ணியலாளர்கள் அவற்றை அழைக்கிறார்கள். கோடிக்கணக்கான மழைநாள்கள் கழுவித் துடைத்த மண் அது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகள் கரைந்து வெளியேறிவிட்டன. மிஞ்சியவை கயோலினைட் என்னும் ஏழைக் களிமண்ணும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். செந்நிறம் அந்த இரும்பினால் வந்தது. பீங்கான் செய்யக் கயோலினைட் அருமையான பொருள். பயிர் வளர்க்க அவ்வளவு அருமையில்லை.

ஏன் ஏழை என்கிறோம்? உரத்தை நீரில் கரைத்தால் பொட்டாசியமும் அம்மோனியமும் நேர்மின் அயனிகளாகப் பிரியும். மண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருந்தால் அந்த அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். வேர் வந்து கேட்கும்போது கிடைக்கும். கயோலினைட்டில் அந்த எதிர்மின்னூட்டம் மிகக் குறைவு. அதனால் ஒட்டிக்கொள்ள இடமில்லாத உரம், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையோடு சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்விடுகிறது. மலேசியாவுக்குத் தேவையான பொட்டாஷ் உரம் கப்பலில் வந்து இறங்குகிறது. 2022இல் உலகச் சந்தையில் உர விலை தாறுமாறாக ஏறியபோது, இரண்டு மூன்று எக்டர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காசு கொடுத்து வாங்கிய உரம் மழையில் கரைந்து போவதைத் தடுப்பது அவர்களுக்குப் பாடநூல் விஷயமல்ல.

மட்கிய கரிமப் பொருளின் அருமை இங்கேதான் தெரியும். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், நன்றாக மட்கிய பொருள் கயோலினைட்டைப் போலப் பத்து, இருபது மடங்கு நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும். நூறு கிராம் செம்மண்ணில் இரண்டு மூன்று கிராம் மட்குப் பொருள்தான் இருக்கும். ஆனாலும் மேல்மண் சேமித்துவைக்கும் சத்துகளில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று கிராமின் கையில்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு உதவிகள் உண்டு. நம் மண் புளிப்பு மண். அமிலக் குறியீடு 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். அந்த அமிலத்தில் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்கும். மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள் அலுமினியத்தைக் கட்டிப்பிடித்து அதன் நஞ்சைக் குறைக்கின்றன. அதே அமிலங்கள், இரும்பு ஆக்சைடுகள் பாஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களையும் அடைத்துவிடுகின்றன. அதனால் பாஸ்பரஸ் செடிக்குக் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கிறது. இனி மண்ணின் கட்டமைப்பு. பூஞ்சை இழைகளும் பாக்டீரியா சுரக்கும் பசையும் மண் துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்த்து வைக்கின்றன. உருண்டைகளுக்கு இடையில் காற்றும் நீரும் புகுந்து போகும். அந்தப் பசை இல்லாத மண், ஒரு பெருமழையில் குழம்பாகி, அடுத்த நாள் வெயிலில் ஓடாகிவிடும்.

நுண்ணுயிரின் சாப்பாட்டுக் கணக்கு

அப்படியானால் கையில் கிடைக்கும் காய்ந்த பொருளையெல்லாம் மண்ணில் போட்டுக் கிளறிவிட்டால் போதுமா? பள்ளித் தோட்டங்களில் அடிக்கடி இதைப் பார்க்கிறோம். மரக்கடையில் மரத்தூள் இலவசம். மூட்டையாகக் கொண்டுவந்து பாத்தியில் கலந்து கீரை விதைப்பார்கள். முளைக்கும். இரண்டே வாரத்தில் கீரை மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிடும். மரத்தூளில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அங்கே நஞ்சு எதுவுமில்லை, பசிதான்.

நுண்ணுயிரின் உடலில் சுமார் 8 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. புரதம் செய்ய நைட்ரஜன் இல்லாமல் முடியாது. 8 பங்கு கரிமத்தை உடலில் சேர்க்க வேண்டுமென்றால் அது 24 பங்கு கரிமத்தை உண்ண வேண்டும். ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16 பங்கு, மூச்சாகப் போய்விடும் என்று முன்பே பார்த்தோம். எனவே 24 பங்கு கரிமமும் 1 பங்கு நைட்ரஜனும் கலந்த உணவு அதற்குச் சரிவிகித உணவு. கோழி எருவில் இந்த விகிதம் ஏறத்தாழ 10. அதில் நைட்ரஜன் மிஞ்சும். மிஞ்சியது செடிக்குப் போகும். வைக்கோலில் 60 முதல் 80. மரத்தூளில் பல நூறு. மரத்தூளை உண்ணப் புகுந்த நுண்ணுயிர்கள் உணவில் இல்லாத நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வேரைவிட அவற்றின் கை வேகமானது. பச்சையம் செய்ய நைட்ரஜன் கிடைக்காத கீரை மஞ்சளாகிறது.

கணக்காகப் பார்ப்போம். 100 கிலோ காய்ந்த வைக்கோலில் சுமார் 40 கிலோ கரிமமும் 0.6 கிலோ நைட்ரஜனும் உள்ளன. 40 கிலோ கரிமத்தை உண்ண வேண்டிய நைட்ரஜன் 40 ÷ 24 = 1.67 கிலோ. பற்றாக்குறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் இரண்டேகால் கிலோ யூரியா இந்தக் குறையைத் தீர்த்துவிடும். கோழி எருவைக் கொண்டு தீர்ப்பதானால்? 100 கிலோ உலர்ந்த எருவில் 30 கிலோ கரிமம், 3 கிலோ நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எருவிலுள்ள கரிமத்துக்கும் நைட்ரஜன் ஒதுக்கிவிட்டு மீதியை எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். விடை 60 கிலோவை ஒட்டி வரும். போட்டுப் பாருங்கள்.

இந்த நைட்ரஜன் திருட்டு நிரந்தரமானதன்று. உணவு தீர்ந்து நுண்ணுயிர்கள் சாகும்போது பிடித்து வைத்த நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பிவிடும். நம் வெப்பத்தில் வைக்கோலுக்குச் சில வாரங்கள் போதும். மரத்தூளுக்கு அதைவிட நெடுநாள் ஆகும். அதனால்தான் கரிமம் மிகுந்த பொருளை முதலில் குவித்து மட்க வைத்து, பிறகு பாத்தியில் இடுகிறோம். மட்கும் குவியலில் கரிமம் மூச்சாகக் குறையக் குறைய விகிதமும் இறங்கி வரும். இன்னொரு வழி, கலக்காமல் மேலே பரப்பி மூடாக்காக விடுவது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான் அப்போது போட்டி நடக்கும். வேர் இருக்கும் ஆழம் தப்பித்துக்கொள்ளும்.

40 டன் குலை எவ்வளவு கரிமம்?

நம் நாட்டில் பெரிய அளவில் மண்ணுக்குத் திரும்பும் இயற்கைக் கரிமம் செம்பனையிலிருந்து வருகிறது. ஆலையில் குலையை வேகவைத்துப் பழங்களை உதிர்த்த பிறகு மிஞ்சும் வெற்றுக் குலை, முழுக் குலையின் எடையில் சுமார் 22 விழுக்காடு. ஒரு காலத்தில் அதை உலையில் எரித்துச் சாம்பலாக்கினார்கள். இப்போது லாரியில் ஏற்றித் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு டன் வெற்றுக் குலையில் ஏறத்தாழ 7 கிலோ யூரியாவிலும் 19 கிலோ பொட்டாஷ் உரத்திலும் இருக்கும் அளவு சத்து அடங்கியிருக்கிறது. வழக்கமாக ஓர் எக்டருக்கு ஆண்டுக்கு 40 டன் அளவில் மரங்களுக்கு இடையே பரப்புகிறார்கள்.

இதனால் மண்ணின் கரிமம் எவ்வளவு உயரும்? ஓர் எக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். மேல்மண் 20 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 2,000 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் 1.3 டன் என்று கொண்டால் மொத்தம் 2,600 டன். இந்த மண்ணில் கரிமத்தை 1.5 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டுமானால், 26 டன் கரிமம் புதிதாகத் தங்க வேண்டும்.

40 டன் வெற்றுக் குலையில் 65 விழுக்காடு தண்ணீர். காய்ந்த பொருள் 14 டன். அதில் கரிமம் சுமார் 6.3 டன். அதில் பத்தில் ஒரு பங்கு நீண்டகாலம் தங்குவதாக வைத்துக்கொள்வோம். 0.63 டன். 26ஐ 0.63ஆல் வகுத்தால் 41 ஆண்டு! அதற்குள் ஒரு தலைமுறைச் செம்பனை முதிர்ந்து, வெட்டி, மறுநடவும் செய்தாயிற்று. அதோடு, ஏற்கெனவே மண்ணிலிருக்கும் கரிமமும் இதற்கிடையில் கரைந்துகொண்டிருக்கும். அதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. மூன்று மாத வாக்குறுதியை இந்த 41க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு சிக்கலும் உண்டு. செம்பனை ஓர் எக்டருக்கு ஆண்டில் சுமார் 17 டன் குலை தருகிறது என்றால், அதிலிருந்து கிடைப்பது 3.7 டன் வெற்றுக் குலை. 40 டன் பரப்ப ஏறக்குறைய 11 எக்டரின் குலைகள் வேண்டும். அதாவது ஓர் எக்டர் மண் கறுக்கும்போது மற்ற பத்து எக்டருக்கு ஒன்றும் திரும்பவில்லை. வேறோரிடத்திலிருந்து ஏற்றி வந்த கரிமத்தைப் பற்றி யாராவது பெருமை பேசினால், அது புறப்பட்ட இடத்து மண்ணின் நிலை என்ன என்றும் கேட்க வேண்டும்.

பரப்பும் முறையிலும் கவனம் தேவை. குலைகளை மலை போலக் குவித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும். ஒரே அடுக்காகப் பரப்பச் சொல்வதன் காரணம் அந்த வண்டுதான்.

சேமிப்பதா, செலவிடுவதா?

41 ஆண்டு என்ற விடையைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். அந்தக் கணக்கு, மண்ணை ஒரு உண்டியலாக நினைத்துப் போட்டது. உண்டியலில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது ஒரு கேள்வி. உள்ளே வந்து வெளியே போன கரிமம் வழியில் என்ன வேலை செய்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. கனடா நாட்டு மண்ணியலாளர் ஹென்றி ஜான்சன் 2006இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சங்கடத்தைத்தான் எடுத்துக்கொண்டார். மண்ணின் கரிமத்தைப் பூட்டிவைத்தால் பருவநிலைக்கு நல்லது. ஆனால் அது மட்கினால்தான் பயிருக்கு நல்லது. இரண்டையும் முழுமையாக ஒரே நேரத்தில் பெற முடியாது.

மூச்சாகப் போன அந்த 90 விழுக்காடும் வீணில்லை. மண்புழுவுக்கு உணவானது அதுதான். துகள்களை ஒட்டும் பசையானதும், அடைபட்டிருந்த பொட்டாசியத்தையும் நைட்ரஜனையும் விடுவித்ததும் அதுதான். நாம் உண்ணும் சோறெல்லாம் உடம்பில் எடையாகச் சேரவில்லையே என்று யாரும் வருந்துவதில்லை அல்லவா? நம்மைப் போன்ற வெப்பநாட்டு மண்ணை உண்டியலாகப் பார்ப்பதைவிட, வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்க வேண்டிய வீடாகப் பார்ப்பது சரி என்பது என் எண்ணம். ஒரே தடவையில் 40 டன் கொட்டிவிட்டுப் பத்து ஆண்டு மறந்துவிடுவதைவிட, அந்த இடத்திலேயே விளைந்து விழுவதை ஆண்டுதோறும் விட்டுவைப்பது மேல்.

செம்பனைத் தோட்டத்தில் அப்படி விளைவது மட்டை. அறுவடையின்போது வெட்டி விழும் மட்டைகள் ஓர் எக்டருக்கு ஆண்டில் சுமார் 10 டன் உலர் எடை இருக்கும். இதற்கு லாரி வேண்டாம். மட்டையை ஒரே வரிசையில் அடுக்கிக்கொண்டே போவதைவிட, மரங்களுக்கு இடையில் பரவலாகப் போட்டால் அதிகப் பரப்பு மண் மூடப்படும். மட்டை வரிசைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் மண் குளிர்ந்து, பொலபொலவென்று இருப்பது தெரியும். (பாம்பு, தேள் படுத்திருக்கும் இடமும் அதுதான். குச்சியால் தட்டிவிட்டுக் கையை விடுங்கள்.)

வேர் இதைவிடச் சிறந்தது. மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே மட்கும் வேரின் கரிமம், மேலே விழும் இலையின் கரிமத்தைவிட அதிக அளவில் தங்குகிறது. களிமண் துகளோடு நேரடியாக ஒட்டிக்கொள்வதால் நுண்ணுயிரின் வாய்க்கு எளிதில் எட்டுவதில்லை. இளம் பால்மரங்களுக்கும் செம்பனைக்கும் இடையில் படரவிடும் அவரைக் குடும்பக் கொடிகளின் பயன் இதில்தான் அடங்கியிருக்கிறது. பியூரேரியாவும், நம் பூனைக்காலியின் உறவான முக்குனாவும் அப்படிப்பட்டவை. அவற்றின் வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து, எக்டருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் சேர்க்கக்கூடியவை. கரிமமும் நைட்ரஜனும் சேர்ந்தே கிடைக்கும் சாப்பாடு. நுண்ணுயிருக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை.

இந்தக் கொடிகள் வந்ததன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல் கூட முளைக்கக்கூடாது என்பது நிர்வாகிகளின் கொள்கை. நம் முன்னோர்களில் எத்தனையோ பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வரிசை வரிசையாகக் களை எடுப்பதே அன்றாட வேலை. தரை துடைத்தாற்போல் இருந்தது. துடைத்தாற்போன்ற அந்தச் சரிவுகளிலிருந்து மேல்மண் மழையோடு ஓடி ஆறுகளில் சேர்ந்தது. பத்து இருபது ஆண்டு இழப்புக்குப் பிறகுதான் மண்ணை மூடிவைக்க வேண்டும் என்ற பாடம் தோட்டங்களுக்கு எட்டியது. ஓடிப்போன மேல்மண்ணோடு போன கரிமம் அந்தச் சரிவுகளுக்குத் திரும்பவில்லை.

உமிக்கரி

தாத்தா பாட்டி பல் துலக்கிய உமிக்கரி நினைவிருக்கிறதா? இன்று அதே பொருள் உயிர்க்கரி என்ற புதுப் பெயரோடு ஆய்வகங்களில் உலவுகிறது. உமியையோ மரத்துண்டையோ காற்று புகாமல் சூடாக்கினால் சாம்பலாகாமல் கரியாகும். இந்தக் கரியில் கரிம அணுக்கள் வளையம் வளையமாக இறுகப் பிணைந்திருப்பதால் நுண்ணுயிர்களால் எளிதில் கடித்து உண்ண முடிவதில்லை. இலை மாதக்கணக்கில் மறைந்துபோகும் மண்ணில் கரி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும்.

அமேசான் காட்டில் இதற்குச் சான்று உண்டு. அங்குள்ள இயல்பான மண் நம்முடையதைப் போலவே செந்நிறமும் மஞ்சளுமான ஏழை மண். ஆனால் ஆற்றங்கரை மேடுகளில் ஆங்காங்கே கறுத்த மண் திட்டுகள் இருக்கின்றன. டச்சு மண்ணியலாளர் விம் சோம்ப்ரூக் 1966இல் வெளியிட்ட அமேசான் மண் பற்றிய நூலுக்குப் பிறகு இவை அறிவுலகில் கவனம் பெற்றன. பழங்குடி மக்கள் அடுப்புக்கரி, எலும்பு, மீன்முள், உடைந்த பானை, உணவுக்கழிவு ஆகியவற்றை நெடுங்காலம் கொட்டிக் கொட்டி உருவான மண் அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் கறுப்பு மறையவில்லை.

ஆனால் வெறும் கரி சாப்பாடு அல்ல. எளிதில் மட்காத பொருள் நுண்ணுயிருக்கு எப்படி உணவாகும்? அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் வெற்றுப் பாத்திரங்கள். புதுக் கரியை நேரடியாகப் பாத்தியில் கலந்தால் அது இருக்கும் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளக்கூடும். மட்கு உரக் குவியலில் சில வாரம் கலந்து வைத்து, பாத்திரத்தை நிரப்பிய பிறகு இடுவதுதான் முறை. அமேசான் மக்கள் கரியோடு எலும்பையும் உணவுக்கழிவையும் சேர்த்தே கொட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, உமியை வயலோரத்தில் திறந்தவெளியில் கொளுத்துவது கரி செய்வதாகாது. அதில் கரிமம் புகையோடு போய்விடும், மிஞ்சுவது சாம்பல்.

அள்ளிப்போட வேண்டாத மண்

இதுவரை பேசியதெல்லாம் கரிமம் குறைந்த மேட்டு மண். மலேசியாவில் இதற்கு நேர் எதிரான மண்ணும் இருக்கிறது. சரவாக் கரையோரத்திலும் ஜொகூர், சிலாங்கூர் போன்ற மாநிலங்களின் தாழ்நிலங்களிலும் இருக்கும் சதுப்புக் கரிமண் ஏறக்குறைய முழுவதுமே மட்காத தாவரப் பொருள். சில இடங்களில் அதன் ஆழம் பல மீட்டர். அதே வெப்பம், அதே மழை. அங்கே மட்டும் இலை ஏன் மறையவில்லை? நீர் தேங்கி நிற்பதால் உயிர்வளி உள்ளே போகவில்லை. உயிர்வளி இல்லாத இடத்தில் நுண்ணுயிர்களின் வேலை மிக மந்தம்.

பயிரிட வேண்டி வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் உயிர்வளி நுழைகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது மட்கத் தொடங்குகிறது. தரை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. நிலைகுலைந்து சாய்ந்த செம்பனைகளையும், வேர் வெளியே தெரிய நிற்கும் மரங்களையும் அங்கே காணலாம். வறண்ட பருவத்தில் தீப்பிடித்தால் 1997இலும் 2015இலும் நம் மூச்சை அடைத்ததைப் போன்ற புகைமூட்டம். இந்த மண்ணில் வெளியிலிருந்து கரிமம் சேர்ப்பது பற்றிப் பேசுவதில் பொருளில்லை. வாய்க்கால் மடைகளை அடைத்து நீர்மட்டத்தை முடிந்தவரை உயர்த்தி வைப்பதுதான் அங்கே செய்யக்கூடிய மண் பாதுகாப்பு. அதுவும் இழப்பைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

நீங்களே செய்து பாருங்கள்

முதலில் மண் மூச்சு விடுகிறதா என்று பார்க்கலாம். மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மரத்தடியில் எடுத்த ஈரமான மேல்மண். மற்றதில் அதே மண்ணைச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவைத்து, கொதித்து ஆறிய நீரால் ஈரமாக்கியது. ஒவ்வொன்றிலும் தெளிந்த சுண்ணாம்பு நீர் உள்ள சிறு குப்பியை நிறுத்தி இறுக மூடுங்கள். ஓரிரு நாளில் எந்தக் குப்பி பால் போலக் கலங்குகிறது, ஏன் என்று விளக்குங்கள். மண்ணை வறுக்கும்போது வாடை வரும், வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது கீரைச் சோதனை. ஒரே அளவுள்ள நான்கு நாற்றுப் பைகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். முதல் பை வெறும் மண். இரண்டாவதில் ஐந்துக்கு ஒரு பங்கு மரத்தூளைக் கலக்குங்கள். மூன்றாவதில் அதே அளவு மரத்தூளோடு இரண்டு கைப்பிடி மட்கிய கோழி எரு. நான்காவதில் அதே மரத்தூளைக் கலக்காமல், நாற்று ஒரு விரல் உயர்ந்த பிறகு மேலே பரப்புங்கள். நான்கிலும் தண்டுக்கீரை விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றி, வாரத்துக்கு ஒருமுறை உயரத்தையும் இலை நிறத்தையும் குறித்து வாருங்கள். தொடங்கும் முன்பே எந்தப் பை வெல்லும் என்று ஒவ்வொருவரும் எழுதி மடித்து வைத்துக்கொண்டால் சுவாரசியமாக இருக்கும்.

ஆறு வாரம் கழித்துக் கீரையைப் பிடுங்கிய பிறகு இரண்டாம் பையின் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். நீர் தெளித்து நிழலில் வைத்திருங்கள். அடுத்த பள்ளித் தவணையில் அதே பையில் மறுபடியும் கீரை விதைத்து, இம்முறை இலை என்ன நிறம் என்று பாருங்கள்.